ஞாயிறு யாருக்கு?

திருவண்ணாமலையின் மேற்குப் புறத்தே, மலையைச் சுற்றிச் செல்லும் பாதையில் அமைந்த சிற்றூர் அடி அண்ணாமலை. முழுநிலா நாள்தோறும் இலட்சக்கணக்கான மக்கள் அவ்வூரைக் கடந்து 14 கிலோமீட்டர் நடக்கின்றனர். வழி நெடுகத் தேநீர்க் கடைகள், இட்டலிக் கடைகள், இளநீர்க் குவியல்கள், பொரிகடலை வண்டிகள். அந்த இரவில் கடைகளுக்குக் கதவே கிடையாது. மலையைச் சுற்றியவர் விடியற்காலையில் பேருந்தேறி, சன்னலோரம் சாய்ந்து உறங்கிவிடுவார். அவருக்குத் தேநீர் ஆற்றிக் கொடுத்தவர் எப்போது உறங்கினார்? இந்தக் கேள்வியை எந்தத் தலபுராணமும் கேட்டதில்லை.

திருவெம்பாவை இவ்வூரில்தான் பாடப்பட்டது என்பர் சமயத்தார். விடியுமுன் பெண்களைத் துயிலெழுப்பும் பாட்டு அது. விடியுமுன் எழுகின்ற பெண்ணை நாமும் அறிவோம். அவள் நீராடப் புறப்பட்டவள் அல்லள். இட்டலிக் கடையின் அடுப்பை மூட்டப் புறப்பட்டவள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகளை நெடுநேரம் திறந்து வைக்க விடலாமா, கூடாதா என்ற வழக்கு நாட்டில் அவ்வப்போது எழுகிறது. திறந்தால் வாணிகம் வளரும் என்கிறார் ஒருவர். மூடினால்தான் உழைப்பவன் பிழைப்பான் என்கிறார் மற்றொருவர். இருவர் பேச்சிலும் உண்மை உண்டு. ஆயினும் வழக்குத் தீர வேண்டுமாயின், வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்பது எங்கிருந்து வந்தது, யார் தந்தது என்பதை நாம் அறிந்தாக வேண்டும்.

நம் நாட்டில் ஞாயிறு ஓய்வு நாளாக இருந்ததில்லை. கொத்தரும் தச்சரும் அமாவாசையன்று கருவியைத் தொடாத வழக்கம் இன்றும் பல ஊர்களில் உண்டு. முடி திருத்தும் கடைகள் செவ்வாய்க்கிழமை மூடிக் கிடப்பதையும் காண்கிறோம். நாள் நல்லதன்று, கோள் நல்லதன்று என்று இவற்றுக்குக் காரணம் சொல்லிவைத்தார்கள். அந்தச் சாத்திரப் போர்வையை விலக்கிப் பாருங்கள்; உள்ளே கிடப்பது களைத்துப்போன மனித உடல். "எனக்கு ஓய்வு வேண்டும்" என்று வாய்திறந்து கேட்கும் உரிமை இல்லாதவனுக்குக் கிரகங்கள் துணையாயின!

மேலை நாட்டு ஞாயிறும் வானத்திலிருந்து விழுந்ததன்று. கி.பி. 321-இல் உரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன், நீதிமன்றத்தாரும் நகர மக்களும் தொழிற்கூடத்தாரும் கதிரவன் நாளில் ஓய்ந்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டான். உழவருக்கு மட்டும் விலக்குத் தந்தான். பருவம் தவறினால் விளைச்சல் கெடும் அன்றோ? பிற்காலத்தார் புனித நாள் என்று போற்றிய அதே நாளை, அரசாணை பிறந்த அன்றே வயிற்றுக்காக வளைக்க முடிந்திருக்கிறது. ஆகவே, புனிதம் என்பது நாளில் இல்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் அலுவலகத்துக்கு ஞாயிறு விடுமுறை வந்தது. ஆலைக்கு வந்ததா? வரவில்லை. பம்பாய்ப் பஞ்சாலைகளில் விடியலில் நுழைந்தவர் இருட்டில் வெளிவந்தனர். அவர்களுக்காக எழுந்தவர் நாராயண் மேகாஜி லோகண்டே. இவர் யார்? பார்ப்பனியத்தின் பிடியிலிருந்து எளிய மக்களை மீட்க 1873-இல் சத்தியசோதக் சமாஜத்தைத் தோற்றுவித்த மகாத்மா ஜோதிராவ் புலேயின் தோழர். 'தீனபந்து' இதழை நடத்தியவர். 1884-இல் 5,500 தொழிலாளர் ஒப்பமிட்ட விண்ணப்பம் இவர் முயற்சியால் எழுந்தது. வாரம் ஒரு நாள் ஓய்வு வேண்டும், நண்பகலில் அரைமணி நேரம் இடைவேளை வேண்டும் என்று அது கேட்டது. ஆறாண்டுகள் போராட்டம் நீண்டது. 1890 சூன் 10 அன்று ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தனர். அடுத்த ஆண்டிலேயே, 1891-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வார ஓய்வை ஏற்றுக்கொண்டது.

தோழர்களே, இதை நெஞ்சில் நிறுத்துங்கள். இந்தியத் தொழிலாளியின் கையில் ஞாயிற்றுக்கிழமையைக் கொண்டுவந்து சேர்த்தது எந்த மதமும் அன்று. சாதியை எதிர்த்து நின்ற ஓர் இயக்கத்தின் வயிற்றில் பிறந்த தொழிலாளர் கிளர்ச்சி. சென்னையில் 1923 மே முதல் நாளன்று இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடிய சிங்காரவேலர், பின்னாளில் சுயமரியாதை இயக்கத்தோடு கைகோத்தவர் என்பதும் தற்செயல் அன்று. மனிதன் பிறப்பால் தாழ்ந்தவன் அல்லன் என்று சொல்லுகிறவன், அவன் மாடுபோல் உழைக்கப் பிறந்தவனும் அல்லன் என்று சொல்லித்தானே தீர வேண்டும்?

ஆலைக்கு வந்த ஓய்வு கடைக்கு வந்து சேர மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. 1942-இல் வார விடுமுறைச் சட்டமும், 1947-இல் சென்னை மாகாணக் கடைகள், நிறுவனங்கள் சட்டமும் வந்தன. நாள் ஒன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. 4 மணி நேர வேலைக்குப்பின் ஒரு மணி நேர இடைவேளை. வாரம் ஒரு முழு நாள் விடுமுறை. இவை கடைப் பணியாளின் சட்ட உரிமைகள் ஆயின. உழைப்பாளர்க்கு ஓய்வும் உரியது என்பதை அரசியலமைப்பின் 43-ஆம் பிரிவும் அரசுக்கு நெறியாக வகுத்தது.

இனி இற்றை நிலைக்கு வருவோம். 2019 மே 28 அன்று தமிழ்நாடு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் கடைகள் ஆண்டின் எல்லா நாளும், 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்றது அது. 2022-இல் அது மேலும் மூன்றாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. ஆணையோடு நிபந்தனைகளும் உண்டு. ஒவ்வொருவருக்கும் சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் விடுமுறை தரவேண்டும். விடுமுறையில் இருப்போர் பெயரைக் கடையில் எழுதிவைக்க வேண்டும். மிகைநேரத்தையும் சேர்த்து நாளுக்குப் பத்தரை மணி, வாரத்துக்கு 57 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இரவு 8 மணிக்குமேல் பெண்கள் பணிபுரிய அவர்தம் எழுத்து வழி இசைவும் தக்க பாதுகாப்பும் வேண்டும். நல்ல நிபந்தனைகள்தாம்! ஆனால் கடையின் கதவு திறந்திருப்பதைத் தெருவில் போகிற எவரும் காணலாம். உள்ளே நிற்பவருக்கு விடுமுறை கிடைத்ததா என்பதைக் காண்பவர் யார்?

சட்டம் கண்ணை மூடினால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு சான்று போதும். துணிக்கடைப் பெண்கள் நாள் முழுவதும் நின்றுகொண்டே இருந்தார்கள். உட்கார ஒரு நாற்காலி வேண்டும் என்று கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருப் பெண்கள் போராட வேண்டியிருந்தது. கேரளம் 2018-இலும் தமிழ்நாடு 2021-இலும் சட்டத்தைத் திருத்தின. சுதந்திரம் பெற்று எழுபதாண்டு கழிந்தபின் உட்காருவதற்குச் சட்டம்! 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நம் சட்டமன்றத்திலேயே நிறைவேறியதும், எதிர்ப்புக் கிளம்பியபின் மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டதும் நாம் கண்டவை. யார் ஆண்டாலும் உழைப்பாளி விழித்திருந்தால்தான் உரிமை உறங்காது.

"ஏதோ ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் போதாதா? ஞாயிறே வேண்டும் என்பது மூடநம்பிக்கை அன்றோ?" என்று பகுத்தறிவாளர் சிலரே கேட்பர். இதற்கும் வரலாறு விடை வைத்திருக்கிறது. சோவியத் நாடு 1929-இல் ஞாயிற்றை ஒழித்தது. தொழிலாளரை ஐந்து குழுக்களாக்கி, குழுவுக்கு ஒரு நாளாக ஓய்வு தந்தது. பொறிகள் இடைவிடாது ஓடின. கணவனுக்கு ஒரு நாள் ஓய்வு, மனைவிக்கு வேறு நாள். பிள்ளைக்கு இன்னொரு நாள். மக்கள் வெறுத்தனர். 1931-இல் முறை மாற்றப்பட்டது. 1940-இல் ஞாயிறே திரும்பி வந்தது. கடவுளை மறுத்த அரசு ஞாயிற்றை மறுக்க முடியவில்லை. ஏன்? ஓய்வென்பது உடலைக் கிடத்தி வைப்பது மட்டுமன்று. உற்றாரோடு உண்பது, பிள்ளையின் பாடப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பது, படிப்பகத்துக்குப் போவது, சங்கத்தில் கூடுவது ஆகிய எல்லாம் ஓய்வே. பள்ளி மூடிய நாளில் தாய் கடையில் நிற்க, கடை விடுத்த நாளில் பிள்ளை பள்ளியில் இருந்தால், அது எந்த வகைக் குடும்ப வாழ்வு?

இங்கிலாந்தில் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் பெருங்கடைகளை ஞாயிற்றுக்கிழமையில் 6 மணி நேரம் மட்டும் திறக்க விட்டது. சிறு கடைகளுக்குத் தடை வைக்கவில்லை. ஞாயிறு வேலையை மறுக்கும் உரிமையைக் கடைப் பணியாளர்க்கு வழங்கியது. நம் ஆணையோ பெருங்கடைக்கு இரவு பகல் முழுவதையும் திறந்து கொடுத்தது. அடி அண்ணாமலையின் சிறு தேநீர்க் கடையை அது எண்ணிப் பார்க்கவே இல்லை. வலியவனுக்கு விலக்கு, எளியவனுக்கு விலங்கு!

ஆகவே நாம் சொல்வது இது. கடை திறக்கட்டும், ஞாயிறும் திறக்கட்டும். எந்த நாளும் புனிதமன்று, எந்த நாளும் தீட்டுமன்று. ஆனால் கடையின் நேரம் வேறு, மனிதனின் நேரம் வேறு. கடை 24 மணி நேரம் திறந்திருந்தால் அதற்கேற்ற ஆட்களை அமர்த்துவது முதலாளியின் கடமை. ஞாயிறு வேலையை மறுக்கும் உரிமை வேண்டும். மறுக்காதவருக்கும் மாதத்தில் ஒரு ஞாயிறேனும் வீட்டில் கழிய வேண்டும். சிறு கடைக்காரர் திறக்கவும் உரிமை வேண்டும். மூடினால் வயிறு காயாதபடி கூட்டுறவுத் துணையும் வேண்டும்.

இளைஞர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. அடுத்த முறை பெரிய கடைக்குப் போகும்போது, விலைப் பட்டியலோடு விடுமுறைப் பட்டியலையும் தேடுங்கள். இன்று விடுப்பில் இருப்பவர் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள், தொழிலாளர் துறைக்கு எழுதுங்கள். அடி அண்ணாமலைக்குப் போகிறவர்கள் மலையைப் பார்த்துவிட்டு வரட்டும். தேநீர் ஆற்றித் தருகிறவரிடம், கடைசியாக எப்போது ஒரு நாள் கடையை மூடினீர்கள் என்றும் கேட்டுவிட்டு வரட்டும்.