மெட்டல் டிடெக்டர் சும்மா சும்மா கத்துதா? மெஷினைக் குறை சொல்லும் முன் கேபிளைப் பாருங்க!

2018 ஜூன் மாதம் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது, மண்ணுக்குள் இருந்து பெட்டி பெட்டியாகத் துப்பாக்கிக் குண்டுகள் கிடைத்தன. 1980-களில் இலங்கைப் போராளி இயக்கங்கள் புதைத்தவையாக இருக்கலாம் என்று அப்போது கருதப்பட்டது. இன்னொரு பக்கம், ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் ராமேஸ்வரத்தில் கூட்டம் அலைமோதும். இப்படிப்பட்ட கடற்கரையில் மெட்டல் டிடெக்டர் வெறும் காட்சிப் பொருள் இல்லை. ஆனால், அதன் கேபிளில் ஒரு சின்னக் கோளாறு வந்தாலே மொத்தக் கருவியும் ஏமாற்றிவிடும்.

கேபிளின் வேலை என்ன?

தரையைத் தடவும் வட்டமான பகுதிதான் காயில். அது காந்தப்புலத்தை உருவாக்கும். உலோகம் குறுக்கிட்டால் அந்தப் புலம் மாறும். அந்த மாற்றத்தைக் கைப்பிடி அருகே உள்ள கன்ட்ரோல் பாக்ஸுக்குக் கொண்டுபோவது கேபிள். அதில் வரும் சிக்னல் மிகச் சிறியது. உள்ளே ஒரு இழை அறுந்தாலோ, கனெக்டர் பின்னில் களிம்பு ஏறினாலோ கருவி வீணாகக் கத்தும், அல்லது ஊமையாகிவிடும்.

இந்தக் கடற்கரையில் ஏன் அதிகம்?

உப்புக்காற்றுதான் காரணம். உலோகம் எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று ஆராய, காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்திலேயே ஒரு சோதனை மையம் வைத்திருக்கிறது. பாலத்து இரும்பையே அரிக்கும் காற்று, தலைமுடி போன்ற செம்புக் கம்பியை விட்டுவைக்குமா?

உப்பா, கேபிளா?

தனுஷ்கோடி மாதிரி ஈர மணலில் கருவி கத்தினால் உடனே கேபிளைச் சந்தேகிக்க வேண்டாம். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் பல கருவிகள் அங்கே கத்தும். காயிலை இடுப்பு உயரத்துக்குத் தூக்குங்கள். சத்தம் நின்றால் உப்பு மணல்தான் காரணம். தூக்கிய பிறகும் கத்தினால் செல்போனை அணைத்து, மின்கம்பிகளை விட்டுத் தள்ளி நின்று பாருங்கள். அப்போதும் நிற்கவில்லையா? இனி கேபிளைச் சோதிக்கலாம்.

படிப்படியாக செக் பண்ணுவது எப்படி?

1. முதலில் பேட்டரி. புது பேட்டரி போட்டு, முனைகளில் துரு இருக்கிறதா என்று பாருங்கள்.

2. காயிலை ஆணி இல்லாத மரப்பலகையில் அசையாமல் வைத்து, கேபிளை மட்டும் மெதுவாக ஆட்டுங்கள். கனெக்டர் பக்கமும், காயிலுக்குள் நுழையும் இடமும்தான் அதிகம் அறுபடும். ஆட்டும்போது கத்தினால் கோளாறு அங்கேதான்.

3. கருவியை அணைத்து, கனெக்டரைக் கழற்றுங்கள். மல்டிமீட்டரில் காயில் பின்களின் தொடர்பைப் பாருங்கள். எந்தப் பின் எதனுடன் சேர வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். கேபிளை வளைக்கும்போது அளவு தாவினால் உள்ளே இழை அறுந்திருக்கிறது.

சரிசெய்வது எப்படி?

பின்னில் பச்சைக் களிம்பு இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்மையான பிரஷால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. மேல்பூச்சு போய்விடும், அடுத்த முறை இன்னும் வேகமாக அரிக்கும்.

கம்பி அறுந்திருந்தால் நிறத்துக்கு நிறம் சேர்த்து சோல்டர் செய்து, ஒவ்வொன்றுக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட வேண்டும். வெளியே சுற்றியிருக்கும் கவசப் பின்னலையும் மறக்காமல் இணைக்க வேண்டும். அதை விட்டால் சத்தம் தீராது. கேபிளை ரொம்பக் குட்டையாக வெட்டுவதோ, கிடைத்த வேறு வயரை மாட்டுவதோ கூடாது. காயில் அந்த கேபிளோடு சேர்த்துத்தான் அளவிடப்பட்டிருக்கும். காயிலுக்குள்ளேயே அறுந்திருந்தால் புதுக் காயில் வாங்குவதே நல்லது.

கோயில், மண்டப வாசல்களில் நிற்கும் சட்டக வடிவ டிடெக்டர்கள் மின் இணைப்பில் இயங்குபவை. அவற்றைத் திறப்பது டெக்னீஷியன் வேலை.

கத்தும் கருவியைவிட ஆபத்தானது எது?

ஊமைக் கருவி! கத்தினால் யாராவது கவனிப்பார்கள். சத்தமே வராவிட்டால் ‘எல்லாம் சரி’ என்று நம்பிவிடுவோம். அதனால் ரிப்பேர் முடிந்ததும், தினமும் வேலை தொடங்கும் முன்பும் ஒரே நாணயத்தை ஒரே தூரத்தில் காட்டிச் சோதிக்க வேண்டும். கடலோரம் பயன்படுத்திய பிறகு, கனெக்டரைக் கழற்றாமல், நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து நிழலில் உலர்த்தினாலே பாதி ரிப்பேர் மிச்சம்.

இதையும் மறக்காதீங்க

1878-ம் ஆண்டு புதையல் சட்டப்படி, மண்ணில் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். குண்டு, தோட்டா போல எதுவும் தென்பட்டால் தொடவே கூடாது. தள்ளி நின்று போலீஸுக்குப் போன் பண்ணுங்கள்.