பட்டா யார் பேரில்?

செட்டிநாட்டுக் குழம்பில் கமகமக்கிற கல்பாசி இருக்கிறதே, பேர்தான் பாசி. நிஜத்தில் அது லைக்கன் என்கிற கூட்டுக் குடித்தனம். பூஞ்சை வீடு கட்டிக் கொடுக்கும். உள்ளே குடியிருக்கும் பாசி வெயிலை வைத்துச் சமைத்துப் போடும்.

இந்த ரகசியம் அம்பலமானபோது ஐரோப்பாவில் நடந்த சண்டை கொஞ்சநஞ்சமல்ல.

1753-ல் செடிகொடிகளுக்கெல்லாம் பெயர் சூட்டிய லின்னேயஸ், லைக்கன்களை மதிக்கவே இல்லை. எண்பது இனங்களை ஒரே மூட்டையாகக் கட்டிப் பாசிகளோடு தூக்கிப் போட்டார். ‘பரம ஏழைப் பட்டிக்காட்டான்கள்’ என்று நக்கல் வேறு. மூட்டையைப் பிரித்து, தனித்தனிக் குடும்பங்களாக உட்கார வைத்தவர் அவருடைய மாணவர், ஸ்வீடன் டாக்டர் எரிக் அகாரியஸ்.

1867-ல் ஸ்விட்சர்லாந்துக்காரர் சைமன் ஷ்வெண்டெனர் குண்டைப் போட்டார். ‘லைக்கன் என்று ஒரு செடியே கிடையாது. பூஞ்சை எஜமான், பாசி அடிமை. அவ்வளவுதான்!’

கொதித்துப் போனார் நைலாண்டர். ஃபின்லாந்தில் பிறந்து பாரிஸில் குடியேறியவர். சாதாரண ஆள் இல்லை. 1866-லேயே, லக்ஸம்பர்க் பூங்காவில் வளரும் லைக்கன்களை வைத்து பாரிஸ் காற்றின் சுத்தத்தை எடைபோட்டவர். லைக்கன் மேல் ரசாயனச் சொட்டு விட்டு, நிறம் மாறுவதைப் பார்த்து இனம் பிரிக்கிற வித்தையைப் பிரபலமாக்கியவர். ஆயிரக்கணக்கான இனங்களுக்குப் பெயர் வைத்த மனுஷனிடம் போய், ‘நீங்கள் பெயர் வைத்தது ஒரு உயிருக்கே அல்ல’ என்றால்? வெறும் வறட்டுப் பிடிவாதம் என்று அவரை ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் கோபத்தில் மைக்ராஸ்கோப் காட்டியதைக்கூட ஏற்க மறுத்தார். 1899-ல் பாரிஸில் சாகிற வரைக்கும் மறுத்தார்.

அப்புறம் அவர் வைத்த பெயர்கள் என்னவாயின? இங்கேதான் வேடிக்கை. லைக்கனுக்கு வைத்த பெயர் அதிலுள்ள பூஞ்சைக்கே சொந்தம் என்பது இப்போதைய சட்டம். பாசிக்குத் தனிப் பெயர். ஆக, நைலாண்டரின் பெயர்களில் ஏராளமானவை இன்றும் செல்லுபடியாகின்றன. பட்டா மட்டும், அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளாத பூஞ்சையின் பேரில்!

வழக்கு அதோடு முடியவில்லை. மரத்தில் தலைமுடி போலத் தொங்கும் பிரையோரியா லைக்கன்கள் இரண்டு. ஒன்று பழுப்பு, இன்னொன்று மஞ்சள், விஷமுள்ளது. இரண்டிலும் அதே பூஞ்சை, அதே பாசி. பின்னே வித்தியாசம் எப்படி? 2016-ல் விஞ்ஞானிகள் துருவிப் பார்த்தபோது, மூன்றாவதாக ஒரு ஈஸ்ட் ஒளிந்திருந்தது. மஞ்சளில் அது எக்கச்சக்கம்.