தம்புள்ளைக்குப் பக்கத்தில் ஒரு பழைய மையவாடி



தம்புள்ளை என்றால் நமக்கு மரக்கறிச் சந்தையும் குகை விகாரையும்தான் ஞாபகம் வரும். அங்கிருந்து கலேவெலப் பக்கம் சில கிலோமீற்றர் போனால் இப்பன்கட்டுவ. சுமார் 2,500 வருடங்களுக்கு முந்திய மையவாடி ஒன்று அங்கே இருக்கிறது. பிள்ளைகளுக்குப் 'பெருங்கற்காலம்' என்று படிப்பித்துவிட்டு நாம் கடந்து போகும் இடம்.

நான்கு கற்பலகைகளைப் பெட்டி போல நிலத்துக்குள் நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லால் மூடியிருக்கிறார்கள். இப்படிப் பல கல்லறைகள் கூட்டம் கூட்டமாக உள்ளன. 1980களின் இறுதியில் இலங்கை, ஜேர்மன் ஆய்வாளர்கள் சேர்ந்து இங்கே அகழ்ந்தார்கள். காலம் கி.மு. 700க்கும் 450க்கும் இடைப்பட்டது எனக் கணிக்கப்பட்டது. மஹிந்த தேரர் இங்கு வந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் முந்தியது.

அந்த மக்கள் இறந்தவரை எரித்து, எஞ்சிய எலும்பையும் சாம்பலையும் தாழியில் இட்டு கல்லறைக்குள் வைத்தார்கள். கூடவே மட்பாண்டங்கள், இரும்பு, செம்பு, பொன் பொருட்கள், மணிமாலைகள். கார்னீலியன் என்ற செந்நிறக் கல்மணிகளும் அவற்றில் உண்டு. அந்தக் கல் இலங்கையில் இயற்கையாகக் கிடைப்பதில்லை. கடல் கடந்து வந்த விலையுயர்ந்த மணியை, உயிரோடிருப்பவர் போட்டுக்கொள்ளாமல் மையித்தோடு வைத்துவிட்டார்கள்.

புத்தளத்துக்கு வடக்கே பொம்பரிப்பில் வேறொரு முறை. அங்கே எலும்புகளைப் பெரிய மண்தாழிகளில் இட்டுப் புதைத்தார்கள். ஒரே தீவில், அந்தப் பழங்காலத்திலேயே, இறந்தவரை வழியனுப்ப ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் இருந்திருக்கின்றன.

இதை எழுதும்போது 2020ஐ மறக்க முடியவில்லை. கொரோனாவில் மௌத்தான நம்மவர்களின் ஜனாஸாக்கள், குடும்பத்தார் கெஞ்சியும் எரிக்கப்பட்டன. 2021 பெப்ரவரியில்தான் அடக்க அனுமதி வந்தது. பிறகு ஓட்டமாவடி மஜ்மா நகருக்குக் கொண்டு போய் அடக்கினோம்.

எரிப்பது இழிவென்று நாம் சொல்லவில்லை. இப்பன்கட்டுவ மக்கள் எரித்தார்கள். தமது வழக்கப்படி, தமது கையால், மாலையும் வைத்து அனுப்பினார்கள். மையித்துக்குரிய கண்ணியம் அதுதான். 2020இல் நம்மிடமிருந்து பறிக்கப்பட்டதும் அதுதான்.

தம்புள்ளைப் பக்கம் போனால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். கற்களில் ஏறிப் படம் எடுக்க விடாதீர்கள். அவர்கள் யார், எந்த மொழி பேசினார்கள் என்று சண்டை பிடிக்கவும் வேண்டாம். நமது மையவாடிக்குள் எப்படி நுழைவோமோ, அப்படியே அங்கும் நுழைவோம்.