தொடாமல் பார்த்த காய்ச்சல்

1929 டிசம்பர் 12ஆம் தேதியிட்ட காந்தியின் 'யங் இந்தியா' இதழில் ஒரு கடிதம் வெளியானது. எழுதியவர் குஜராத்தின் கத்தியவார் பகுதியில் வேலை பார்த்த பள்ளி ஆசிரியர். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். அண்ணல் அம்பேத்கர் அந்தக் கடிதத்தைத் தன் நினைவுக் குறிப்புகளில் எடுத்துச் சேர்த்தார். அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, 1990இல், அந்தக் குறிப்புகள் 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்ற சிறு நூலாக வந்தன.

கடிதம் சொல்வது இதுதான். ஆசிரியரின் மனைவிக்குக் குழந்தை பிறந்து இரண்டு நாளில் உடம்பு முடியாமல் போகிறது. மூச்சு விடச் சிரமம், மார்பில் வீக்கம். டாக்டரைக் கூப்பிடுகிறார். சேரிக்குள் வர மாட்டேன் என்கிறார் டாக்டர். ஊர்ப் பெரியவர் ஒருவர் இரண்டு ரூபாய் ஃபீஸுக்குப் பொறுப்பேற்ற பிறகு, சேரிக்கு வெளியே வைத்துத்தான் பார்ப்பேன் என்ற நிபந்தனையோடு வருகிறார். பிள்ளை பெற்ற உடம்போடு அந்தப் பெண்ணை, கைக்குழந்தையுடன், வெளியே கூட்டி வருகிறார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் கணவரிடம் கொடுக்கிறார். கணவர் மனைவிக்கு வைத்துப் பார்த்து, அதே வழியில் திருப்பிக் கொடுக்கிறார். இரவு எட்டு மணி. விளக்கு வெளிச்சத்தில் தெர்மாமீட்டரைப் பார்த்த டாக்டர், நிமோனியா என்று சொல்லிவிட்டுப் போகிறார். மருந்து அனுப்புகிறார். ஃபீஸ் வாங்கியும் மறுபடி வந்து பார்க்க மறுக்கிறார். அந்தப் பெண் இறந்துபோகிறார்.

தீண்டாமையின் கொடூரத்துக்கு உதாரணமாக இந்தச் சம்பவத்தை நாம் பலமுறை பேசியிருக்கிறோம். மருத்துவக் கருவிகளின் வரலாறாகவும் இதைப் படிக்க வேண்டும்.

காய்ச்சலை நெற்றியில் கை வைத்துப் பார்த்த காலம் நீண்டது. 1860களில் இங்கிலாந்தில் கிளிஃபோர்ட் ஆல்பட் சில நிமிடங்களில் அளவு காட்டும் சிறிய தெர்மாமீட்டரை உருவாக்கினார். ஜெர்மனியில் கார்ல் வுண்டர்லிச், நோயாளிகளின் வெப்பத்தைத் தொடர்ந்து அளந்து எழுதி, 1868இல் புத்தகமாக வெளியிட்டார். இன்று 'பேஷன்ட் மானிட்டரிங்' என்று சொல்கிறோமே, அதன் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று இது. திரும்பத் திரும்ப அளந்து, ஏற்ற இறக்கத்தைப் பார்த்து, அதற்கேற்ப வைத்தியம் செய்வதுதான் அதன் அடிப்படை.

நிமோனியாவைக் கண்டுபிடிக்க வேறு வழிகளும் அப்போதே இருந்தன. மார்பில் விரலால் தட்டிப் பார்க்கும் முறையை வியன்னாவில் ஆவன்ப்ரூக்கர் 1761இல் எழுதிவிட்டார். 1816இல் பாரிஸில் லெனெக், ஓர் இளம்பெண்ணின் மார்பில் காது வைக்கத் தயங்கி, காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டார். ஸ்டெதாஸ்கோப் பிறந்தது அப்படித்தான். ஆனால் தட்டிப் பார்க்க மருத்துவரின் விரல் வேண்டும். ஸ்டெதாஸ்கோப்பின் மறுமுனை நோயாளியின் உடம்பில் இருக்க வேண்டும். தெர்மாமீட்டர் மட்டும்தான் கைமாறிப் போய்த் திரும்பி வரும். அந்தக் கடிதத்தில் வேறெந்தப் பரிசோதனையும் சொல்லப்படவில்லை. சாதிக்கு வசதியான கருவியை டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். காலையும் மாலையும் அளக்க வந்த கருவி, அந்தப் பெண்ணுக்கு ஒரே ஒருமுறைதான் வைக்கப்பட்டது.

இங்கே தெர்மாமீட்டர் மீது எந்தக் குற்றமும் இல்லை. மனிதர்தான் கிட்டே வரவில்லை. கருவிக்குள்ளேயே பாகுபாடு புகுந்துகொண்ட வரலாறும் உண்டு. அதற்கு அமெரிக்கக் கருப்பின மக்களின் அனுபவத்தைப் பார்க்க வேண்டும்.

1846இல் லண்டனில் ஜான் ஹட்சின்சன், நுரையீரல் எவ்வளவு காற்று கொள்ளும் என்று அளக்கும் ஸ்பைரோமீட்டரைப் பற்றி எழுதினார். அடுத்த சில ஆண்டுகளிலேயே அமெரிக்காவின் தென்மாநில மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட் அதைக் கையில் எடுத்தார். கருப்பினத்தவரின் நுரையீரல் இயல்பிலேயே குறைபாடு கொண்டது, கட்டாய உழைப்பு அவர்களுக்கு நல்லது என்று எழுதினார். அடிமை முறைக்கு ஓர் எண்ணைச் சாட்சியாக்கினார். அடிமை முறை ஒழிந்தது, அந்த எண்ணம் ஒழியவில்லை. 'இனத் திருத்தம்' என்ற பெயரில் ஸ்பைரோமீட்டரின் கணக்குக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. கருப்பினத் தொழிலாளிக்கு நுரையீரல் திறன் குறைந்திருந்தால், அவருக்கு இதுதான் இயல்பு என்று காட்டியது. நோய் மறைந்தது, நோய்க்கான இழப்பீடும் அதோடு கைநழுவியது. இனம் பார்க்காத அளவீட்டுக்கு மாறும்படி அமெரிக்கன் தொராசிக் சொசைட்டி பரிந்துரைத்தது 2023இல்தான்.

கொரோனா காலத்தில் நாம் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரின் கதை வேறு மாதிரி. 1970களில் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி கண்டறிந்த முறை அது. விரல் வழியாக ஒளியைச் செலுத்தி ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனைக் கணிக்கும். தோலின் கருமையும் அந்த ஒளியை உள்வாங்கும். கருப்பின நோயாளிகளிடம் அளவு பிசகுகிறது என்று 1990இலேயே ஆய்வு வந்தது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்களின் ஆய்வு வந்தது. ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டியபோது, உண்மையில் 88க்கும் கீழே இருந்தவர்கள் வெள்ளையர்களில் 3.6 சதவீதம், கருப்பினத்தவரில் 11.7 சதவீதம். இங்கே யாரும் வன்மத்தோடு கருவி செய்யவில்லை. யாருடைய விரலில் வைத்துச் சரிபார்த்தார்கள் என்பதுதான் கேள்வி.

இந்தக் கதையை அப்படியே நம் ஊருக்குத் தூக்கி வந்து ஒட்டக் கூடாது. சாதி தோலின் நிறமல்ல, எந்த ஒளியாலும் அதைப் படிக்க முடியாது. சாதி தெருவாக இருக்கிறது, பெயராக இருக்கிறது, ஊருக்கும் சேரிக்கும் நடுவே உள்ள தூரமாக இருக்கிறது. 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடந்து, 2006இல் நூலாக வெளிவந்த தீண்டாமை ஆய்வைத் தேடிப் படியுங்கள். சுமார் மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் பொது சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் போக மறுத்தது அதில் பதிவாகியிருக்கிறது. கத்தியவார் டாக்டர் அந்த ஒரு இரவோடு முடிந்துபோகவில்லை.

இன்று வீடியோவில் டாக்டர் பேசுகிறார். கையில் கட்டும் கடிகாரம் இதயத் துடிப்பை எண்ணுகிறது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷரும் சர்க்கரையும் வீட்டு வாசலிலேயே பார்க்கப்படுகின்றன. வரவேற்க வேண்டிய திட்டம். கூலி விட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாத நம் மக்களுக்குத்தான் இதெல்லாம் முதலில் தேவை. கருவிகளை எதிர்ப்பது நம் வேலையல்ல. நம் கோரிக்கை இரண்டு.

ஒன்று, எந்தக் கருவியும் யாருடைய உடம்பில் சோதிக்கப்பட்டது என்பது பொதுவில் தெரிய வேண்டும். இரண்டு, கருவி அபாயம் என்று காட்டிய பிறகு என்ன நடந்தது என்பதும் பதிவாக வேண்டும். எத்தனை பேருக்கு பிரஷர் பார்த்தோம் என்ற எண்ணிக்கை போதாது. அளவு மோசமாக இருந்தவர் வீட்டுக்கு மறுநாள் யார் போனார்கள், எந்தத் தெரு விடுபட்டது என்பதும் அதே பதிவேட்டில் வேண்டும்.

களப்பணிக்குப் போகும் தோழர்களும் மாணவர்களும் இதைக் கேட்டுப் பாருங்கள்: நர்ஸ் வீட்டுக்குள் வந்தாரா, தெருமுனையில் நின்றாரா? பிரஷர் பட்டையைக் கையில் கட்டியது யார்? தொலைவிலிருந்து பார்க்கும் மருத்துவம், வர முடியாத தூரத்தைக் கடக்க வந்த வசதி. வர விரும்பாதவருக்கு அது சாக்காகிவிடக் கூடாது. அந்த வித்தியாசத்தை எந்தக் கருவியும் அளந்து காட்டாது. நாம்தான் கேட்டு எழுதி வைக்க வேண்டும்.