கழுகுத்தலைக் கினிக்கோழி

கிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட முட்காடுகளில் வாழும் தரைப்பறவை கழுகுத்தலைக் கினிக்கோழி. எத்தியோப்பியா, சோமாலியா, கென்யா, தான்சானியா ஆகிய நாடுகளில் காணப்படுகிறது. கினிக்கோழிகளில் உருவில் பெரியது இதுவே; நீளம் 61 முதல் 71 செ.மீ. வரை. தமிழ்நாட்டில் காவலுக்கும் கறிக்கும் வளர்க்கும் கின்னிக்கோழி வேறு இனம். அதன் உச்சந்தலையில் இருக்கும் கொம்புப் புடைப்பு இதற்குக் கிடையாது.

தலையையும் உடலையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒரே பறவை என்று நம்புவது கடினம். தலையில் இறகே இல்லை: நீலம் பாய்ந்த சாம்பல் தோல், சிவந்த கண், பிடரியில் மட்டும் பழுப்பு நிறத்தில் ஒரு கற்றை. பிணந்தின்னிக் கழுகின் சாயல் அப்படியே இருக்கிறது. கழுத்துக்குக் கீழே கதை மாறிவிடுகிறது. நீலம், கறுப்பு, வெள்ளை வரிகளோடு நீண்ட மெல்லிய இறகுகள் ரிப்பன்களாகத் தொங்குகின்றன. மார்பு பளீரென்ற நீலம். கரிய முதுகெங்கும் பொடிப்பொடியான வெண்புள்ளிகள். சேவலும் பெட்டையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும், பெட்டை சற்றே சிறியது.

விதை, கிழங்கு, தளிர், பூச்சி எனக் கிடைத்ததையெல்லாம் தரையைக் கிளறித் தின்னும். உணவிலுள்ள ஈரத்தைக் கொண்டே தண்ணீரின்றி நெடுநாள் தாக்குப்பிடிக்கும். ஆபத்து வந்தால் பறப்பதைவிட ஓடுவதையே நம்புகிறது. இரவானால் மரமேறி அடையும். முட்டையிடுவது மட்டும் புல்மறைவில், தரையில்.

இதன் கூட்டு வாழ்க்கைதான் ஆய்வாளர்களை அசரவைத்தது. கென்யாவின் ம்பாலா ஆய்வு மையத்தில் டமியன் ஃபரைன், டனாய் பாபயோர்யூ குழுவினர் 400-க்கும் மேற்பட்ட பறவைகளுக்கு வண்ண வளையமிட்டுப் பின்தொடர்ந்தார்கள். 18 கூட்டங்கள், ஒவ்வொன்றிலும் 13 முதல் 65 வரை. கூட்டங்கள் கலந்து மேய்ந்தாலும், பிரியும்போது அவரவர் ஆட்களோடுதான் கிளம்பின. சில கூட்டங்களுக்குள் தனி நெருக்கமும் இருந்தது. இத்தகைய பல அடுக்குச் சமூகத்துக்குப் பெரிய மூளை வேண்டும் என்ற எண்ணத்தை 2019-இல் வெளியான இந்த ஆய்வு அசைத்தது.

கூட்டத்தில் அதிகாரப் படிநிலையும் உண்டு. நல்ல தீனி கிடைத்தால் மேல்நிலைச் சேவல்கள் மற்றவற்றை விரட்டிவிட்டுத் தாமே தின்னும். ஒதுக்கப்பட்டவை வேறு பக்கம் நகரத் தொடங்கும். சற்று நேரத்தில் விரட்டிய சேவல்களும் தீனியை விட்டுவிட்டு அவற்றின் பின்னால் ஓடுகின்றன. சிறுத்தையும் மார்ஷியல் கழுகும் திரியும் காட்டில் தனியே நிற்க முடியாது.