மாரடைப்புப் பிரிவுச் செவிலியரின் பயிற்சியும் சான்றளிப்பும்: அமெரிக்க அனுபவம் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

1960-களில் அமெரிக்க மருத்துவமனைகளில் தோன்றிய மாரடைப்புத் தீவிர சிகிச்சைப் பிரிவுகள், அதுவரை மருத்துவருக்கே உரியனவாகக் கருதப்பட்ட சில செயல்களைச் செவிலியரிடம் ஒப்படைத்தன. அந்த ஒப்படைப்புக்குத் துணைநின்ற படுக்கையோரப் பயிற்சி, பின்னாளில் எழுத்துத் தேர்வாகவும் காலவரையறை கொண்ட சான்றிதழாகவும் வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. நடைமுறையில் முன்னரே பெறப்பட்டிருந்த உரிமைக்குப் பின்னர் கிடைத்த எழுத்துவடிவமே சான்றிதழ் என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: மாரடைப்புப் பிரிவு, செவிலியர், தொடர்கல்வி, சான்றளிப்பு, இதய மீட்பு, புதுப்பித்தல்.

முன்னுரை

இதய மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இ.சி.ஜி., டிஃபிப்ரிலேட்டர், பேஸ்மேக்கர் என்னும் வரிசையில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கண்டுபிடிப்பாளர் பெயர் உண்டு. நள்ளிரவில் அக்கருவியின் அருகே நின்றவர் யார், அதை இயக்க அவருக்கு அனுமதி இருந்ததா என்னும் வினாக்கள் அந்த வரலாற்றில் அடிக்குறிப்பளவிலேயே இடம்பெறுகின்றன. ஜூலி ஃபேர்மன், ஜோன் லைனா ஆகியோர் 1998-இல் வெளியிட்ட தீவிர சிகிச்சைச் செவிலியம் பற்றிய வரலாற்று நூல் இக்குறையை ஓரளவு நிறைவு செய்தது. இக்கட்டுரை அதே திசையில், பயிற்சி, சான்றளிப்பு ஆகிய இரண்டை மட்டும் தனியே எடுத்துக்கொள்கிறது.

ஓய்விலிருந்து நிமிடக் கணக்கிற்கு

இதயத் தமனி அடைப்புக்கு ஆளானவர் உடனே இறந்துவிடுவதில்லை, பிழைத்திருக்கவும் கூடும் என்பதை ஜேம்ஸ் ஹெரிக் 1912-இல் எடுத்துக்காட்டினார். அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் மருத்துவத்தின் முதன்மையான விடை படுக்கை ஓய்வாகவே இருந்தது. நோயாளி வாரக்கணக்கில் அசையாமல் கிடத்தப்பட்டார். 1952-இல் சாமுவேல் லெவைன், பெர்னார்ட் லவுன் ஆகியோர் நோயாளியைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைக்கலாம் என எழுதியதே துணிச்சலான கருத்தாகக் கொள்ளப்பட்டது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட மாரடைப்பு நோயாளிகளுள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் அங்கேயே இறந்தனர். பொது வார்டின் ஒரு மூலையில், யாரும் பாராத வேளையில் பலருக்கு முடிவு நேர்ந்தது.

இந்த இறப்புகளுள் ஒரு பகுதி இதயத்தசை பெருமளவில் அழிந்ததால் நேர்ந்ததன்று. மின்னோட்டம் திடீரெனத் தாறுமாறாகிக் கீழறைகள் நடுங்கத் தொடங்கியதால் நேர்ந்தது. கீழறை நடுக்கத்தை நிறுத்திவிட்டால் அவ்விதயம் தொடர்ந்து இயங்கக்கூடியது. 1947-இல் கிளீவ்லாந்தில் கிளாட் பெக், அறுவையின்போது நின்றுபோன ஒரு சிறுவனின் இதயத்தை நேரடியாக மின்னதிர்ச்சி கொடுத்து மீட்டார். 1956-இல் பால் ஸோல், மார்பைத் திறக்காமல் வெளியிலிருந்தே அதைச் செய்யலாம் எனக் காட்டினார். 1960-இல் கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவரும் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில், மூடிய மார்பின்மேல் கைகளால் அழுத்தி இரத்த ஓட்டத்தைத் தக்கவைக்கும் முறையை வெளியிட்டனர். இம்முறைக்குக் கத்தியோ மயக்க மருந்தோ தேவைப்படவில்லை. மருத்துவப் பட்டமும் தேவையில்லை என்பதை அன்று பலரும் உடனே உணரவில்லை.

இதய மீட்பில் எஞ்சிய சிக்கல் காலம். இரத்த ஓட்டம் நின்ற சில நிமிடங்களிலேயே மூளை கெடத் தொடங்கும். மருத்துவர் தம் அறையிலிருந்தோ வீட்டிலிருந்தோ வந்து சேர்வதற்குள் அந்த நிமிடங்கள் கடந்துவிடும். எடின்பரோவில் பயிற்சியிலிருந்த இளம் மருத்துவர் டெஸ்மண்ட் ஜூலியன், 1961-இல் ‘லான்செட்’ இதழில் எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு தீர்வை முன்வைத்தார். மாரடைப்பு நோயாளிகளை ஒரே இடத்தில் சேர்த்து, எச்சரிக்கை மணியுடன் இணைந்த இ.சி.ஜி. கொண்டு இடையறாது கண்காணிக்க வேண்டும். மருத்துவர், செவிலியர், துணைப் பணியாளர் அனைவருக்கும் மார்பழுத்த முறை கற்பிக்கப்பட வேண்டும் என்பது அவருடைய முன்மொழிவு. கருவியையும் கல்வியையும் ஒரே திட்டத்தின் இரு கூறுகளாக அவர் கண்டமை குறிப்பிடத்தக்கது.

கான்சஸ் நகரும் பிலடெல்பியாவும்

1962 மே மாதத்தில் கான்சஸ் மாநிலக் கான்சஸ் நகரின் பெத்தனி மருத்துவமனையில் ஹ்யூஸ் டே தம் மாரடைப்புப் பிரிவைத் தொடங்கினார். அதற்கு முன்னர் அவர், மீட்புக் கருவிகள் ஏற்றிய தள்ளுவண்டியுடன் ஒரு குழுவை வார்டுதோறும் அனுப்பிப் பார்த்திருந்தார். குழு விரைந்தாலும் நோயாளி முன்பே இறந்திருப்பது வழக்கமாயிற்று. ஆகவே நோயாளியையே குழுவின் அருகில் கொண்டுவருவது என்னும் முடிவிலிருந்து அவருடைய பிரிவு பிறந்தது.

பிலடெல்பியாவின் பிரஸ்பிடீரியன் மருத்துவமனையில் லாரன்ஸ் மெல்ட்ஸர் அரசின் பொதுச் சுகாதாரத் துறை நிதியுடன் தொடங்கிய பிரிவு அளவில் மிகச் சிறியது. எனினும் பயிற்சியின் வரலாற்றில் அதற்கே முதலிடம் தரவேண்டும். பிறர் கண்காணிப்புக் கருவியை மையமாகக் கொண்டபோது, மெல்ட்ஸர் செவிலியரை மையமாகக் கொண்டார். செவிலியர் திரையைப் பார்த்து மருத்துவரை அழைப்பதோடு நின்றுவிட்டால், நோயாளிக்கு அப்பிரிவால் பெரும்பயன் விளைவதில்லை. ஆகவே துடிப்பின் வடிவத்தை இனங்காணவும், தேவைப்பட்டால் மருத்துவரின் வருகைக்குக் காத்திராமல் மின்னதிர்ச்சி கொடுக்கவும் செவிலியர் அறிந்திருக்க வேண்டும் என்பது அவருடைய கருத்து. இப்பணியில் அவருடன் நின்றவர் செவிலியர் ரோஸ் பின்னியோ. மெல்ட்ஸர், பின்னியோ, கிச்சல் ஆகிய மூவரும் சேர்ந்து 1965-இல் செவிலியருக்கான மாரடைப்புத் தீவிர சிகிச்சைக் கையேட்டை வெளியிட்டனர். ஒரு செவிலியர் இரு மருத்துவர்களுடன் இணையாசிரியராக நின்ற அக்கையேடு பல பதிப்புகள் கண்டது. இ.சி.ஜி. வாசித்தல் மருத்துவரின் தனிச்சொத்து என்றிருந்த காலத்தில், அதைச் செவிலியருக்குப் படிப்படியாகக் கற்பித்த நூல் அது.

சட்டம் சொன்னதும் வார்டில் நடந்ததும்

மேற்கண்ட மாற்றத்தின் கனத்தை உணர அன்றைய சட்டநிலையை நோக்குதல் வேண்டும். அமெரிக்கச் செவிலியர் சங்கம் 1955-இல் வகுத்த மாதிரி வரையறை, நோயறிதலும் சிகிச்சை முடிவுசெய்தலும் செவிலியப் பணிக்குள் அடங்கா என வெளிப்படையாகவே விலக்கியிருந்தது. பல மாநிலச் சட்டங்கள் இதைப் பின்பற்றின. திரையில் ஓடும் கோட்டைக் கண்டு ‘இது கீழறை நடுக்கம்’ என முடிவுசெய்வது நோயறிதல். அதிர்ச்சி கொடுப்பது சிகிச்சை. எனவே மாரடைப்புப் பிரிவின் செவிலியர் தம் பணியைச் சரியாகச் செய்த ஒவ்வொரு முறையும், சட்டத்தின் சொற்களை அப்படியே கொண்டால், வரம்பு மீறியவரே ஆவார்.

மருத்துவர்–செவிலியர் உறவின் அன்றைய இயல்பை உளமருத்துவர் லெனர்ட் ஸ்டைன் 1967-இல் எழுதிய கட்டுரை ஒன்று நன்கு படம்பிடிக்கிறது. செவிலியர் சிகிச்சைக்கான கருத்தைக் கூறவும் வேண்டும், கூறியது போலத் தோன்றவும் கூடாது. மருத்துவர் அக்கருத்தைக் கேட்கவும் வேண்டும், கேட்டது போலத் தோன்றவும் கூடாது. இதனை அவர் ஒரு விளையாட்டு என்றே பெயரிட்டார். பொது வார்டில் இவ்விளையாட்டுக்கு நேரம் இருந்தது. கீழறை நடுக்கம் கண்ட நோயாளியின் படுக்கையருகே அதற்கு நேரமில்லை. இரு தரப்பினரும் அறிந்திருந்தும் பேசாதிருந்த ஒன்றை மாரடைப்புப் பிரிவு பேச வைத்தது எனலாம்.

இச்சிக்கலுக்கு முதலில் கிடைத்த தீர்வு நிர்வாக வழியிலானது. பல இடங்களில் மருத்துவர், செவிலியர், மருத்துவமனை ஆகியவற்றின் அமைப்புகள் கூட்டறிக்கைகள் வெளியிட்டன. உரிய பயிற்சி பெற்ற செவிலியர், மருத்துவமனை எழுத்தில் வகுத்த நிலையாணைகளின்படி இச்செயல்களைச் செய்யலாம் என்பது அவற்றின் சாரம். ‘உரிய பயிற்சி’ என்னும் தொடரே இங்குத் திறவுகோல். பயிற்சி முடித்ததற்கான சான்று, செவிலியரின் அறிவை அளப்பதற்கு முன்பே, அவரையும் மருத்துவமனையையும் வழக்கிலிருந்து காக்கும் ஆவணமாகப் பயன்பட்டது. மாநிலச் சட்டங்கள் பின்னரே மாறின. 1971-இல் ஐடஹோவும் 1972-இல் நியூயார்க்கும் செவிலியப் பணியின் வரையறையைத் திருத்தின. வார்டில் நிகழ்ந்த மாற்றத்திற்கும் சட்டத்தின் ஏற்புக்கும் இடையே ஏறத்தாழப் பத்தாண்டு இடைவெளி இருந்தமை இதனால் புலனாகும்.

பாடத்திட்டத்தின் விரிவு

1967-இல் கில்லிப், கிம்பால் ஆகியோர் நியூயார்க்கில் 250 நோயாளிகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை இப்பிரிவுகளுக்குப் பெரும் வலுவூட்டியது. இரத்த அழுத்தம் வீழ்ந்து அதிர்ச்சிநிலைக்குச் செல்லாத நோயாளிகளின் இறப்பு 26 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காடாகக் குறைந்ததாக அவர்கள் கண்டனர். இது சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களை ஒப்பிட்ட ஆய்வன்று. 1971-இல் பிரிட்டனில் மேதரும் பிறரும் வீட்டுச் சிகிச்சையையும் மருத்துவமனைச் சிகிச்சையையும் அம்முறையில் ஒப்பிட்டபோது, மருத்துவமனைக்கு மேன்மை எதுவும் தெரியவில்லை. அதற்குள் அமெரிக்கா முழுவதும் பிரிவுகள் கட்டப்பட்டுவிட்டன என்பது வேறு செய்தி.

அதே 1967-இல் பாஸ்டனின் லவுன், கவனத்தை மீட்பிலிருந்து தடுப்பிற்குத் திருப்பினார். கீழறை நடுக்கத்திற்கு முன்னோடியாக வரும் மிகைத்துடிப்புகளைக் கண்டவுடன் லிடோகெயின் கொடுத்தால் நடுக்கமே தோன்றாமல் தவிர்க்கலாம் என்பது அவர் வாதம். இக்கோட்பாடு பின்னாளில் கைவிடப்பட்டது. ஆயினும் செவிலியர் கல்வியில் அது விளைவித்த மாற்றம் பெரிது. நின்றுபோன இதயத்தை இனங்காண்பது எளிது. நிற்கப்போகும் இதயத்தை இனங்காணப் பல்வகைத் துடிப்பு மாறுபாடுகளையும், மருந்தின் அளவையும் நச்சுத்தன்மையையும் அறிதல் வேண்டும். சில நாள் செயல்முறைப் பயிற்சியாக இருந்தது, பல வாரப் பாடத்திட்டமாக விரிந்தது.

இதற்கான நிதியின் பெரும்பகுதி அரசிடமிருந்து வந்தது. 1965-இல் இதயநோய், புற்றுநோய், பக்கவாதம் ஆகியவற்றிற்கென இயற்றப்பட்ட சட்டத்தின்வழி உருவான வட்டார மருத்துவத் திட்டங்கள், சிற்றூர் மருத்துவமனைச் செவிலியரையும் இப்பயிற்சிக்குள் கொண்டுவந்தன. அங்கே இரவில் மருத்துவர் இருப்பதே அரிது. ஆதலால் பயிற்சியின் தேவை பெருநகரங்களை விட அங்கேதான் மிகுதி.

சங்கமும் தேர்வும்

பாடத்திட்டம் மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபட்டது. ஓரிடத்தில் பெற்ற பயிற்சி மற்றோரிடத்தில் செல்லுபடியாகவில்லை. 1969-இல் அமெரிக்க இதயநாளச் செவிலியர் சங்கம் உருவானதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். இரண்டே ஆண்டுகளில் அது தன் பெயரைத் தீவிர சிகிச்சைச் செவிலியர் சங்கம் என மாற்றிக்கொண்டது; மாரடைப்புப் பிரிவில் உருவான அறிவு ஏனைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கும் பரவியதை அப்பெயர் மாற்றம் உணர்த்துகிறது. 1975-இல் சான்றளிப்பிற்கெனத் தனி நிறுவனம் ஏற்பட்டது, 1976-இல் சி.சி.ஆர்.என். தேர்வு முதன்முதலாக நடத்தப்பட்டது.

முதலில் அத்தேர்வை எழுதியவர்களுள் பலர் பல ஆண்டுகளாக நோயாளிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்து வந்தவர்கள். எனவே அத்தேர்வு அவர்களுக்குப் புதிய உரிமை எதையும் வழங்கவில்லை. சட்டப்படியும் அது தொழில் உரிமம் அன்று. மருத்துவர் கற்பித்து, மருத்துவர் ஒப்புதலளித்த அறிவை, இனிச் செவிலியரே வரையறுத்துச் செவிலியரே மதிப்பிடுவர் என்பதே அதன் பொருள். இக்கட்டுரையின் நோக்கில், 1976-இன் சிறப்பு இதில்தான் உள்ளது. இன்றும் அத்தேர்வுக்கு அமர, தீவிர நோயாளிகளை நேரடியாகப் பேணிய பணிநேரம் கட்டாயம். அண்மைக்கால விதிகளின்படி ஒரு வழி, இரண்டாண்டில் 1,750 மணிநேரம். படித்தவர் எவரும் எழுதலாம் என்னும் பொதுத்தேர்வாக அது ஆகவில்லை. சான்று மூன்றாண்டுக்கே செல்லும். மீண்டும் தேர்வெழுதியோ, பணிநேரத்துடன் தொடர்கல்விப் புள்ளிகளைக் காட்டியோ புதுப்பிக்க வேண்டும். இதய மருத்துவத்திற்கும் இதய அறுவைக்கும் தனித்தனித் துணைச்சான்றுகள் பின்னர் சேர்ந்தன.

பொம்மையும் மறதியும்

அறிவைத் தேர்வு அளக்கும். கையின் பழக்கத்தை அளக்க வேறொன்று தேவைப்பட்டது. நார்வேயின் ஸ்டாவங்கர் நகரில் பொம்மை செய்துவந்த ஆஸ்முண்ட் லேர்டால், மருத்துவர் பீட்டர் ஸாஃபர் முதலியோரின் தூண்டுதலால் 1960-இல் பயிற்சிப் பொம்மை ஒன்றை உருவாக்கினார். பாரிஸின் சீன் ஆற்றில் மூழ்கி இறந்ததாகக் கூறப்படும், பெயரறியாப் பெண்ணொருத்தியின் முகவார்ப்பே அதற்கு முகமானது. 1974-இல் அமெரிக்க இதயச் சங்கத்தின் முயற்சியால் மீட்புக்கான தரநெறிகள் வெளியாயின. அடிப்படை மீட்பு, உயர்நிலை மீட்பு என்னும் பிரிவும் அப்போது வகுக்கப்பட்டது. நெப்ராஸ்காவில் ஸ்டீபன் கார்வெத் வடிவமைத்த பயிற்சி, ஏ.சி.எல்.எஸ். என்னும் பெயரில் நாடெங்கும் பரவியது. மருத்துவரும் செவிலியரும் ஒரே பொம்மையைச் சுற்றி நின்று ஒரே தேர்வை எதிர்கொள்வது இப்பயிற்சியின் இயல்பு.

அச்சான்று இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. ஆனால் மார்பழுத்தத்தின் ஆழமும் வேகமும் பயிற்சிக்குப்பின் சில மாதங்களிலேயே தளர்ந்துவிடுகின்றன என ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. இரண்டாண்டு என்பது அலுவலகப் பதிவேட்டுக்கு இசைந்த கால அளவு. கை மறக்கும் கால அளவு அதனினும் குறுகியது.

மருத்துவரின் நிலையோ வேறு. அமெரிக்க உள்மருத்துவ வாரியம் 1990-க்கு முன் வழங்கிய இதயநோய்ச் சிறப்புச்சான்றுகளுக்கு முடிவுநாளே இல்லை. அதன்பின் பத்தாண்டு வரையறை வந்தது. 2014-இல் இடையறாத தகுதிப்பேணல் என விதிகள் இறுக்கப்பட்டபோது, கலிபோர்னியாவின் இதய மருத்துவர் பால் டியர்ஸ்டைன் தலைமையில் எதிர்ப்பு எழுந்து, 2015 தொடக்கத்தில் போட்டிச் சான்றளிப்பு நிறுவனமே தோன்றியது. அவ்வாண்டு பிப்ரவரியில் வாரியம் தன் தவற்றை ஒப்புக்கொண்டு சில விதிகளை நிறுத்திவைத்தது. செலவும் நேரமும் மட்டுமே அந்தப் பூசலின் காரணங்களல்ல. சான்றிதழ் ஒருமுறை ஈட்டிய பட்டமா, அவ்வப்போது மெய்ப்பிக்க வேண்டிய திறனா என்பது குறித்து மருத்துவருக்குள் ஒருமித்த கருத்து அன்று இல்லை. தம் சான்றைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கொருமுறை புதுப்பித்துப் பழகிய தீவிர சிகிச்சைச் செவிலியருக்கு இவ்வினா புதிதன்று.

அதே ஆண்டுகளில் அமெரிக்க இதயச் சங்கமும் லேர்டால் நிறுவனமும் இணைந்து, இரண்டாண்டு வகுப்பிற்கு மாற்றாகக் காலாண்டுதோறும் சில நிமிடப் பயிற்சி அளிக்கும் முறையைக் கொண்டுவந்தன. இம்முறையில் செவிலியர் வகுப்பறைக்குச் செல்வதில்லை. பொம்மை பொருத்திய தள்ளுவண்டி வார்டுக்கே வருகிறது; பணிநேரத்தின் இடையே செவிலியர் வந்து அழுத்துகிறார்; ஆழம் போதுமா என்பதைத் திரை அப்போதே காட்டிவிடுகிறது.