கற்பூரவள்ளி

கற்பூரவள்ளி, துளசியும் புதினாவும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுச் செடி. ஓமவல்லி என்றும் சொல்வார்கள். ஐரோப்பாவில் தேநீருக்கும் கைவைத்தியத்துக்கும் கொல்லையில் பறிக்கும் லெமன் பாம் இதற்கு உறவு. தடித்த இலையைக் கசக்கினால் ஓமவாசம் தூக்கும். ஓமத்தில் உள்ள தைமாலும் அதற்கு நெருங்கிய கார்வக்ராலும் இந்த இலையின் எண்ணெயில் இருப்பதே காரணம். கற்பூரவள்ளி வாழைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

வரலாறு

பாட்டி வைத்தியத்தின் அடையாளமாகிவிட்ட இச்செடியின் பூர்விகம் கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்கா என்பதே தாவரவியலாளர் பலரின் கருத்து. சித்த மருத்துவத்தில் அனிசோகைலஸ் கார்னோசஸ் என்ற வேறொரு மூலிகைக்கும் கற்பூரவள்ளி என்ற பெயர் உண்டு. ஆகவே பழைய நூல்களில் இப்பெயரைக் கண்டதும் வீட்டுத் தொட்டிச் செடிதான் என்று முடிவுகட்டிவிட முடியாது.

இதற்கு அறிவியல் பெயர் சூட்டியவர் ஜுவாவ் டி லோரேரோ. இன்றைய வியட்நாமில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த போர்ச்சுக்கீசிய இயேசு சபைத் துறவி. லிஸ்பனில் 1790இல் வெளிவந்த தன் நூலில் லோரேரோ இதைக் கோலியஸ் அம்பாய்னிகஸ் என்று குறித்தார். இந்தோனேசியாவின் அம்பான் தீவு அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டது. தாவரவியலாளர் ஸ்பிரெங்கெல் 1825இல் பிளெக்ட்ராந்தஸ் பேரினத்துக்கு மாற்றினார். 2019இல் ஆய்வாளர்கள் மறுபடியும் கோலியஸுக்கே கொண்டுவந்தார்கள்.

சமையல்

தமிழ்நாட்டில் இதற்குப் பெயர் வாங்கித் தந்தது பஜ்ஜி. முழு இலையைக் கடலை மாவில் தோய்த்துப் பொரித்தால் காரம் அடங்கி மணம் மட்டும் நிற்கும். ரசத்தில் போடுவதானால் இறக்கும் நேரத்தில் கிள்ளிப் போடுவது வழக்கம். அதிகம் கொதித்தால் வாசம் போய்விடும். தேங்காய், மிளகாயோடு வதக்கித் துவையலும் அரைப்பார்கள். குழந்தைகளுக்குச் சளி பிடித்தால் இலையை அனலில் வாட்டிச் சாறு பிழிவது கைவைத்தியம்.

கர்நாடகத்தில் இது தொட்டபத்ரெ. மோர் சேர்த்துத் தம்புளி செய்கிறார்கள். கேரளத்தில் பனிக்கூர்க்கை. கடல் தாண்டி டிரினிடாடில் மீனுக்கும் இறைச்சிக்கும் தடவும் பச்சை மசாலாவில் இதுவும் அரைபடுகிறது.

வளர்ப்பு

லெமன் பாமுக்குக் குளிர்ச்சி வேண்டும். சமவெளிக் கோடையில் துவண்டுவிடும். கற்பூரவள்ளி அப்படியல்ல. இலையிலும் தண்டிலும் நீரைத் தேக்கிக்கொள்வதால் வறண்ட ஊர்களிலும் தாக்குப்பிடிக்கும். இதற்குப் பகை தேங்கும் தண்ணீர்தான், வேர் அழுகிவிடும். ஆகவே தொட்டி மண்ணில் மணல் கலந்து, மேல்மண் காய்ந்த பிறகே நீர் ஊற்ற வேண்டும். உச்சி வெயில் படாத இடத்தில் இலை பெரிதாக வரும்.

விதை பிடிப்பது அரிது. நாலு விரல் நீளத்துக்கு ஒடித்த கிளையை ஈர மண்ணில் செருகினால் சில வாரங்களில் வேர்விடும். நுனியை அவ்வப்போது கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்துச் செடி அடர்த்தியாகும். கிள்ளிய நுனிகள் அடுத்த வீட்டுத் தொட்டிக்கு ஆகும்.